முப்பத்திரண்டில் நின்ற பட்டியல்

பன்னிரண்டாவது சொல்லையும் புதுப் போனில் தட்டி முடித்துவிட்டு, தம்பி நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "இப்போ பாரு, ஒரு நிமிஷத்துல எல்லாம் வந்து உட்காந்துரும்."

திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. மூத்தவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வட்டம் நின்றது. பிட்காயின் இருப்பைக் காட்டும் எண் வந்தது. 0.1190.

"இன்னும் வரணும்ல?" என்று கேட்டாள்.

"எல்லாம் வந்தாச்சு. பச்சை டிக் விழுந்திருச்சு பாரு."

"0.3164 இருக்கணும்."

தம்பி திரையை ஒருமுறை கீழே இழுத்து விட்டான். வட்டம் மறுபடி சுற்றி, மறுபடி நின்றது. அதே எண்தான். அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை, கடையில் பொருள் காணாமல் போனால் வேலைக்காரியைப் பார்க்கிற பார்வை. நாற்பத்தாறு வயதில் அப்படி ஒரு பார்வையைத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கூடப் பிறந்தவனிடமிருந்து வாங்குவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

பணம் அவளுடையது அல்ல. தங்கையின் கணவர் கிரேன் ஓட்டுகிறவர். எட்டு மாதத்துக்கு முன் கட்டட வேலையிடத்தில் கம்பிக்கட்டு நழுவி விழுந்ததில், வலது காலை முட்டிக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. முட்டியில் மின்சாதனம் வைத்த செயற்கைக்கால் போட்டால் மறுபடி படி ஏறலாம், வேலைக்கும் போகலாம். செயற்கைக்கால் செய்கிற பட்டறையில் வெள்ளிக்கிழமை அளவெடுத்து அச்சு வார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் முழுப்பணமும் கட்டியாக வேண்டும். தவறினால் அடுத்த முறை நான்கு மாதம் கழித்து.

சொந்தபந்தம் ஏழு நாட்டில் சிதறிக் கிடக்கிறது. வங்கி வழியாக அனுப்பினால் இங்கே ஒரு கட்டணம், அங்கே ஒரு கட்டணம், எதற்கு அனுப்புகிறாய் என்று ஒரு படிவம். பிட்காயினில் வாங்கலாம் என்று யோசனை சொன்னவன் தம்பி. அவன் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறான். குடும்பத்தில் யாருடைய பிரிண்டர் நின்றாலும் அவனுக்குத்தான் போன் போகும். மூத்தவளின் பழைய போனில் பிட்காயினுக்கான பணப்பைச் செயலியை, வாலட்டை, நிறுவிக் கொடுத்ததும் அவன்தான். "பணம் போனுக்குள்ள இல்லக்கா. உலகம் பூரா திறந்து வெச்ச ஒரு கணக்குப் புத்தகத்துல இருக்கு. இந்தப் பன்னிரண்டு சொல்லுதான் சாவி. போன் போனாலும் சொல்லு இருந்தாப் போதும்" என்று அன்று படித்துப் படித்துச் சொன்னான்.

போனும் போனது. போன வாரம், அவள் வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கில், சரக்கு லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் வழுக்கி விழுந்து, மூன்று மாடி இறங்கி, சுக்குநூறாயிற்று. சொற்கள் எழுதிய தாள் பத்திரமாக இருந்தது. அதனால் அவள் பதறவில்லை. இப்போது பதறினாள்.

"வரலாறு காட்டு," என்றாள்.

தம்பி பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்தான். பன்னிரண்டு வரவு. செலவு ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டையும் கூட்டினால் 0.1190. இருப்பும் வரலாறும் கடைசிப் புள்ளி வரை ஒத்துப்போயின.

"அப்புறம் என்ன? கணக்கு சரியாத்தானே இருக்கு," என்றான் தம்பி.

"சரியா இருக்கா? எனக்கு இருபத்தோரு பேர் போட்டிருக்காங்க. இங்க பன்னிரண்டுதான் இருக்கு. எடுத்திருந்தா, எடுத்ததுக்கு ஒரு வரி இருக்கணுமா இல்லையா? செலவே இல்லையே!"

"அதான் நானும் கேக்கறேன். வந்திருந்தாத்தானே போறதுக்கு?"

அவள் எழுந்து போய்த் தன் நோட்டை எடுத்துவந்தாள். கிடங்கில் ஒவ்வொரு மருந்துத் தொகுதிக்கும் தனி இருப்பு அட்டை உண்டு. எந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது என்று அட்டையைப் பார்த்தால் தெரியும். இருபது வருடப் பழக்கம். இந்த வாலட்டிலும் அவள் அதையே செய்தாள். பணம் தருவதாகச் சொன்ன ஒவ்வொருவருக்கும் 'புதிய முகவரி' என்ற பொத்தானை அமுக்கி வங்கிக் கணக்கு எண் போன்ற ஒரு தனி முகவரி எடுத்து, அதை நோட்டில் வரிசை எண்ணோடு எழுதி, அவரவருக்கு அனுப்பினாள். எந்த முகவரியில் பணம் விழுந்தது என்று பார்த்தால் யார் தந்தார் என்று தெரிந்துவிடும். மொத்தம் நாற்பத்தாறு முகவரிகள்.

"இது முப்பத்தாறாம் நம்பர். மாப்பிள்ளை வேலை பார்த்த இடத்துல இருநூறு பேர் சேர்ந்து போட்டது. 0.1400. தேடு," என்றாள்.

தம்பி அந்த முகவரியைப் பொதுத் தேடல் பக்கத்தில் தட்டினான். பணம் அங்கே இருந்தது. விழுந்த தேதி இருந்தது. யாரும் தொடவில்லை.

"பார்த்தியா! இருக்கு!" என்றாள் மூத்தவள்.

அவன் முகம் இன்னும் கறுத்தது. வாலட்டின் முகவரிப் பட்டியலைத் திறந்து, மேலும் கீழுமாக இரண்டுமுறை ஓட்டினான். "பணம் இருக்கு. ஆனா இந்த வாலட்டுல அப்படி ஒரு முகவரியே இல்லையேக்கா. இந்தப் பன்னிரண்டு சொல்லுக்குள்ள அது வரல. அப்போ அது வேற யாரோட வாலட்டு?"

"வேற யாரோடதுன்னா?"

"நான் எதுவும் சொல்லல. நீயே யோசிச்சுப் பாரு. ஜனங்களுக்கு நீ என்ன முகவரி குடுத்தியோ, அது உனக்குத்தான் தெரியும்."

"வாயத் திறந்து சொல்லுடா. திருடின்னு சொல்லு."

"சத்தம் போடாதக்கா."

"என் வீடு. நான் போடுவேன்."

அவன் போகும்போது செருப்பைப் பாதி மாட்டிக்கொண்டு, "அந்த இன்னொரு வாலட்டோட சொல்லு எங்க எழுதி வெச்சிருக்கேன்னு ஞாபகப்படுத்திப் பாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைச்சா யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று மெல்லச் சொன்னான். அவன் அதைப் பெருந்தன்மையாக நினைத்துத்தான் சொன்னான். அவளுக்கு அவன் முதுகில் எதையாவது எடுத்து எறிய வேண்டும்போல் இருந்தது.

யாருக்கும் தெரிய வேண்டாம் என்றவன் வாயில் அது ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் பெரியப்பா மகன் ஒரு வீடியோ கூட்டத்தைக் கூட்டினார். சுங்கத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று பேர் சேர்ந்து டீ குடித்தால்கூடத் தலைமையுரை ஆற்றிவிட்டுத்தான் கோப்பையைத் தொடுவார். குடும்பத்தில் அவருக்குப் பெயரே தலைவர்தான். திரையில் இருபத்தேழு கட்டங்கள். சில கட்டங்களில் முகம், சிலவற்றில் கூரை மின்விசிறி, ஒன்றில் யாருடையதோ தாடை மட்டும்.

"யாரையும் குத்தம் சொல்றதுக்காக நாம இங்க கூடல," என்று ஆரம்பித்தார் தலைவர். அப்படி ஆரம்பித்தால் எதற்காகக் கூடியிருக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். "என் சர்வீஸ்ல நான் பார்த்திருக்கேன். தப்பு பண்ற ஆள் கெட்டவனா இருக்கணும்னு இல்ல. சந்தர்ப்பம் அப்படி. ஒரு அவசரம் வந்திருக்கும், எடுத்திருக்கலாம். தங்கச்சி, நீ சொல்லிட்டா நாங்க என்ன, கோர்ட்டுக்கா போகப் போறோம்?"

"நான் எடுக்கலண்ணா."

"எடுத்தேன்னு நான் சொல்லலையே. இருந்தா சொல்லுன்னேன்."

"பணம் அந்தந்த முகவரியில அப்படியே கிடக்கு. தொட்டிருந்தா கிடக்குமா?"

"அது உன் கையில கிடக்கா, எங்க கையில கிடக்கான்னுதான் கேள்வி."

கூரை மின்விசிறிக் கட்டத்திலிருந்து ஒரு பெண்குரல், "நம்பி ஒருத்தர் கையில குடுக்கக் கூடாதுன்னு அன்னிக்கே நான் சொன்னேன்" என்றது. தாடை ஆமோதித்து அசைந்தது.

மூத்தவள் திரையில் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். பெரியப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குப் பிடித்த வாடகை மண்டபம் அவள் கண்முன் வந்தது. அன்று மதியம் சாப்பாடு முடிந்ததும் தலைவர் மைக்கைப் பிடித்து உருக்கமாகப் பேசினார். முதல் ஆளாகத் தன் பெயரையும் சொன்னார். உடனே ஒருவர் பின் ஒருவராகக் கை தூக்கினார்கள். எனக்கு 0.02 போட்டுக்கோ, எனக்கு 0.03. இருபத்துமூன்று பேர். அவள் ஒரு மூலையில் உட்கார்ந்து இருபத்துமூன்று முறை பொத்தானை அமுக்கி, இருபத்துமூன்று முகவரி அனுப்பினாள். நான்கு மாதம் ஆயிற்று. அந்த இருபத்துமூன்றில் ஒன்றில்கூட ஒரு துளி விழவில்லை. அவள் இரண்டுமுறை நினைவூட்டினாள், அதுவும் தனித்தனியாக, யார் மனமும் நோகாதபடி. இப்போது திரையில் நியாயம் பேசுகிற கட்டங்களில் பாதிக்கு மேல் அந்த மண்டபத்தில் கை தூக்கியவர்கள்.

"கேக்கறேன்னு நினைக்காதீங்க," என்று அவள் தொடங்கினாள். "குடுத்தவங்க கேட்டா நான் பதில் சொல்வேன். ஒரு பைசா குடுக்காதவங்க எந்த..."

யாருடைய முகமும் மாறவில்லை. மின்விசிறி சுற்றியது. தலைவர் பேசிக்கொண்டே போனார். அவள் இன்னும் இரண்டு வாக்கியம் பேசிய பிறகுதான் கவனித்தாள். அவளுடைய மைக் தலைவர் பக்கமிருந்து அணைக்கப்பட்டிருந்தது.

அவள் வாய் திறந்தபடியே இருந்தது. தன்னுடைய கட்டத்தில் தன்னுடைய வாய் ஓசையில்லாமல் அசைந்து நின்றதை அவளே பார்த்தாள். மூடினாள். கூட்டத்தைத் துண்டித்துவிட்டு, அடுப்பில் இருந்த பாத்திரத்தைத் தேய்க்கத் தேவையே இல்லாமல் எடுத்துத் தேய்த்தாள். கம்பிநார் விரலைக் கிழித்தது. அதற்கும் கோபம்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் விடுப்பு எடுத்தாள். காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. திறந்தால் கிரேன்காரர், இரண்டு ஊன்றுகோலோடு, வியர்த்து வழிந்துகொண்டு.

"மூணாவது மாடிக்கு இப்படியா ஏறி வர்றது? சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்ல மாப்பிள்ளை."

"தொண்ணூறு மீட்டர் ஏறினவன் அக்கா. இது என்ன." நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்தார். தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். நீங்க எடுத்திருந்தாலும் எனக்கு வருத்தம் இல்ல. என்ன கஷ்டமோ. கால் என்ன, இன்னும் நாலு மாசம் பொறுத்தாலும் ஓடியா போகப் போகுது? இருந்ததுல ஒண்ணுதான் ஏற்கனவே ஓடிப்போச்சே."

அவர் சிரித்தார். மூத்தவள் சிரிக்கவில்லை.

"நீங்களுமா?" என்றாள்.

"இல்லக்கா, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"என்னை மன்னிக்கறதுக்கா மூணு மாடி ஏறி வந்தீங்க? யார் கேட்டா உங்க மன்னிப்ப? அவனுங்க திருடின்னாங்க. திட்டிட்டுப் போகட்டும்னு இருந்தேன். நீங்க திருடி, ஆனா பரவால்லங்கறீங்க. இதுக்கு அவனுங்களே மேல்!"

பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கிரேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "தப்புதான். வாபஸ்" என்றார். "என்ன பண்ணணும்? நான் சும்மாதானே இருக்கேன். சொல்லுங்க, செய்யறேன்."

அவள் போனை அவர் கையில் திணித்தாள். நோட்டைத் தன் முன் விரித்தாள்.

கிடங்கில் கணக்கு இடிக்கும்போது இப்படித்தான் செய்வார்கள். ஒருவர் அலமாரிமுன் நின்று கண்ணில் பட்டதை மட்டும் வாசிப்பார். இன்னொருவர் அட்டையைப் பார்த்து டிக் போடுவார். வாசிக்கிறவர் அட்டையைப் பார்க்கக் கூடாது. எண்ணை ஊகிக்கக் கூடாது. மொத்தத்தில் தொடங்கினால் ஒருநாளும் ஓட்டை தெரியாது. முதல் பெட்டியில் இருந்து வர வேண்டும்.

"வாலட்டுல முகவரிப் பட்டியலைத் திறங்க. மேலேயிருந்து ஒவ்வொண்ணா, கடைசி ஆறு எழுத்த மட்டும் படிங்க. பணம் இருந்தா எவ்வளவு, இல்லன்னா வெறுமைன்னு சொல்லுங்க."

"சரி. வாக்கி டாக்கி மாதிரி." அவர் குரலைக் கனமாக்கிக்கொண்டார். ஒன்றாம் எண்ணின் ஆறு எழுத்தைப் படித்தார். "0.0100. ஓவர்."

"ஓவர் எல்லாம் வேண்டாம்."

ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஒவ்வொன்றும் நோட்டோடு ஒத்துப்போயிற்று. தொகை, தேதி, எல்லாம். பதின்மூன்றாவது வெறுமை. நோட்டில் பதின்மூன்றாம் வரியில் தலைவரின் பெயர். பதினான்கு வெறுமை. பதினைந்து வெறுமை. கிரேன்காரரின் குரலில் இருந்த விளையாட்டு மெல்லக் குறைந்தது. இருபத்தொன்றை வாசித்து 'வெறுமை' என்றவர் கழுத்தை நீட்டி நோட்டைப் பார்த்தார். மூத்தவள் கையால் மறைப்பதற்குள் படித்துவிட்டார்.

"இது மச்சான்தானே?"

"வாசிக்கிறவர் நோட்டைப் பார்க்கக் கூடாது."

"0.0500 போட்டுட்டேன்னு ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சுச் சொன்னாரே அக்கா. நான் அழுதுட்டேன்."

"படிங்க."

அவர் படித்தார். இருபத்தைந்து, வெறுமை. முப்பது, வெறுமை. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு, வெறுமை. அப்புறம் விரலால் திரையைத் தள்ளினார். மறுபடி தள்ளினார்.

"அடுத்தது?"

"அடுத்தது இல்ல. அவ்வளவுதான் காட்டுது."

மூத்தவள் நோட்டைப் பார்த்தாள். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு, முப்பத்தைந்து. இவையும் மண்டபத்து ஆட்கள், வெறுமை. முப்பத்தாறில் இருந்துதான் மறுபடி பணம். நாற்பத்தாறு வரை ஒன்பது பேர் போட்டிருந்தார்கள், மொத்தம் 0.1974. கட்டடத் தொழிலாளர்கள் இருநூறு பேரின் கூட்டுப்பணம். வார்டில் பார்த்துக்கொண்ட இரண்டு நர்சுகள். வேலையிடத்துச் சமையல்காரர். காவல்காரர். ஒருவர்கூடச் சொந்தம் இல்லை.

இது வேறு வாலட்டாக இருந்தால் முப்பத்திரண்டு வரை மட்டும் எப்படி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும்? ஒரே அட்டைக்கட்டுதான். யாரோ பாதியில் எண்ணுவதை நிறுத்தியிருக்கிறார்கள். ஏன் முப்பத்திரண்டு?

பன்னிரண்டு வரை பணம். பதின்மூன்றில் இருந்து முப்பத்திரண்டு வரை. அவள் பென்சில் முனையால் வரிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். சரியாக இருபது.

"போனக் குடுங்க," என்றாள்.

அமைப்புகளுக்குள் போய், அதற்குள் இன்னொரு அமைப்புக்குள் போய், யாரும் தொடாத ஒரு மூலையில் அந்த வரியைக் கண்டுபிடித்தாள். தொடர்ந்து எத்தனை வெற்று முகவரி வரை தேடுவது? அதற்கு நேரே எண் இருபது.

அவளுக்கு விளங்கிவிட்டது. புதுப் போனுக்கு அவள் நோட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு சொல்லை வைத்து முதல் முகவரியைச் செய்து பார்க்கிறது, பணம் இருக்கிறது. இரண்டாவது, இருக்கிறது. இப்படியே போகிறது. வரிசையாக இருபது முகவரி காலியாக இருந்தால், இதற்குமேல் எவனும் ஒன்றும் போட்டிருக்க மாட்டான் என்று முடிவு கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. பழைய போன் ஒவ்வொரு முகவரியையும் தானே செய்து கொடுத்ததால் எல்லாவற்றையும் கண்காணித்துக்கொண்டிருந்தது. அந்த மண்டபத்தில் அவள் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தபோது, கடைசி சில தடவை மஞ்சள் எழுத்தில் ஏதோ எச்சரிக்கை வந்ததும் அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. சுற்றிலும் கைத்தட்டல். படிக்காமல் 'சரி' என்று அமுக்கியிருந்தாள். அது அவள் தப்பு. கிடங்கில் இப்படிச் செய்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள்.

இருபதை அழித்து அறுபது என்று போட்டாள். மறுபடி தேடு என்ற பொத்தானை அமுக்கினாள். வட்டம் சுற்றியது. கிரேன்காரர் ஒற்றைக் காலில் எழுந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

0.3164.

"வந்திருச்சு," என்றார் அவர். "வந்திருச்சுக்கா!"

அவள் ஒன்பது வரவையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து நோட்டில் டிக் போட்டாள். பணம் கிடைத்ததும் கோபம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். ஏறியது. கொடுக்கிறேன் என்று சொல்லிக் கொடுக்காத இருபத்துமூன்று பேர் வரிசையாக நின்றதால் கொடுத்தவன் காசு மறைந்துபோயிற்று. மறைந்தது எங்கே என்று அவள் சட்டையைப் பிடித்து உலுக்கியவர்களும் அதே ஆட்கள்தான்.

புதன்கிழமை அவள் பணத்தை மாற்றிப் பட்டறைக்குக் கட்டினாள். ரசீது வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் தம்பியும் தங்கையும் சேர்ந்து வந்தார்கள். தம்பி கையில் பழப்பை ஒன்று.

"எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான்க்கா. அந்த இருபது கணக்கு. அவசரத்துல தோணல," என்றான். "சரி விடு, கிடைச்சிருச்சு. குரூப்புல ஒரு வரி போட்டுடலாம். தொழில்நுட்பக் கோளாறு, சரி செய்யப்பட்டதுன்னு. நானே எழுதிக் குடுக்கறேன்."

"கோளாறா?"

"வேற என்ன?"

"கோளாறுன்னா யார் நம்புவா? பயந்துபோய்த் திருப்பி வெச்சுட்டான்னுதான் சொல்வாங்க. தலைவர் அதை மைக் பிடிச்சுச் சொல்வார். சாகற வரைக்கும் நான் எடுத்துட்டுத் திருப்பி வெச்சவ." அவள் நோட்டைத் திறந்து மேசையில் வைத்தாள். இரண்டு பக்கம். நாற்பத்தாறு வரி. எண், பெயர், சொன்ன தொகை, வந்த தொகை. "இதப் படம் எடுத்துப் போடப் போறேன். பதிமூணுல இருந்து முப்பத்திரண்டு வரைக்கும் ஏன் காலியா இருக்குன்னு சொல்லாம, பணம் ஏன் காணாமப் போச்சுன்னு எப்படி விளக்கறது? நீயே சொல்லு, நீதானே மேதை."

தம்பி நோட்டைப் பார்க்கவில்லை. எந்த வரி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

"அக்கா, வேண்டாம்க்கா," என்றாள் தங்கை. அவள் கண் கலங்கியிருந்தது. "அத்தனை பேரையும் பகைச்சுக்கிட்டு நாங்க எங்க போறது? நாளைக்கு ஒண்ணுன்னா அவங்கதானே வரணும்."

"இன்னிக்கு ஒண்ணுதானே ஆச்சு? யார் வந்தா? முப்பத்தாறாவது வரியப் படி. உன் புருஷன்கூட வேலை பார்த்தவங்க, உன் பேருகூடத் தெரியாது அவங்களுக்கு."

"உன்னைப் பத்தி எங்களுக்குத் தெரியும். அது போதாதா?"

"திங்கக்கிழமை நீயும் அந்தக் கூட்டத்துல இருந்தியே. மூணாவது வரிசையில ரெண்டாவது கட்டம். என் மைக்க அணைச்சாங்களே, ஏன்னு கேட்டியா?"

தங்கை முகத்தைத் துப்பட்டாவில் பொத்திக்கொண்டாள். மூத்தவளுக்கு ஒரு கணம் மனம் இளகத்தான் செய்தது. இவள் பிறந்தபோது தூளி ஆட்டியவள் அவள். ஆனால் இளகினால் என்ன நடக்கும் என்றும் தெரிந்தது. இவர்கள் எல்லோருடைய மானமும் காப்பாற்றப்படும். அதற்கான செலவு அவளுடைய பெயரில் எழுதப்படும்.

"என் பேரையாவது எடுத்துடு," என்றான் தம்பி தாழ்ந்த குரலில். "ஒரே ஒரு வரி. யாருக்குத் தெரியப் போகுது?"

"உன் வரிய எடுத்தா அந்த இருபது வரிசை நடுவுலயே உடைஞ்சிடும். உடைஞ்சா அந்த போன் நின்னிருக்காது. கணக்கு நிக்காதுடா."

அவள் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்தாள். எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். பட்டறை ரசீதையும் சேர்த்தாள். கீழே, 'தொடர்ந்து இருபது முகவரி காலியாக இருந்தால் வாலட் அதற்கு மேல் தேடாது. காலியாக இருந்தவை 13 முதல் 35 வரை. புதன் மாலை ஆறு மணி வரையிலான கணக்கு' என்று எழுதி அனுப்பினாள்.

குழுவில் நாற்பது பேர். ஒவ்வொருவராகப் பார்த்ததற்கான அடையாளம் விழுந்துகொண்டே வந்தது. யாரோ தட்டச்சு செய்கிறார் என்று வந்தது, மறைந்தது. வேறு யாரோ தட்டச்சு செய்கிறார், மறைந்தது. சற்றுக் கழித்து ஒரே ஒரு வரி வந்தது. தலைவர் குழுவிலிருந்து விலகினார்.

"திருப்தியா?" என்று கேட்டான் தம்பி.

அவள் ரசீதை நோட்டுக்குள் மடித்து வைத்தாள். அவன் தன் போனை எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றான். கட்டைவிரல் வேகமாக ஓடியது. மேசையில் இருந்த புதுப் போன் ஒலித்தது. இருபத்தொன்றாம் முகவரிக்கு வரவு.

"போட்டுட்டேன்," என்றான் திரும்பி. "இப்போ அந்தப் படத்த அழிச்சுட்டு வேற போடு. என் வரியில வந்தாச்சுன்னு எழுதிப் போடு."

"ஆறு மணி வரைக்கும்னு எழுதி அனுப்பியிருக்கேன். இப்போ மணி ஆறு பதினேழு."

"பதினேழு நிமிஷம்! நான் உன் தம்பிக்கா."

"அதனாலதான் நாலு மாசம் யார்கிட்டயும் வாயத் திறக்காம இருந்தேன்."

அவன் பழப்பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வெளியே போய்விட்டான். தங்கை எழுந்து அவன் பின்னால் இரண்டு அடி வைத்து, நின்று, திரும்பி வந்து உட்கார்ந்தாள். மூத்தவள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். தேதி போட்டாள், நேரம் போட்டாள். 21 என்று எழுதினாள். சொன்னது 0.0500 என்று எழுதிவிட்டு, வந்தது எவ்வளவு என்று போனை எடுத்துப் பார்த்தாள். 0.0200.

அதை அப்படியே எழுதினாள்.